பார்த்தபின் எடுப்பது

புகைப்படத்தைப் பற்றிப் பேசுவதற்குத் தமிழில் இரண்டு வினைச்சொற்கள் இருக்கின்றன. ஒன்று, எடுப்பது, மற்றொன்று, பிடிப்பது. ஸ்டூடியோக்காரர் படம் எடுக்கிறார். பாம்பும் படம் எடுக்கிறது. திருடனைப் பிடிக்கிறோம்; முகத்தையும் பிடிக்கிறோம். இரண்டு சொல்லிலும் ஒருவரிடம் இருப்பதை இன்னொருவர் தம் கைக்குக் கொண்டுவரும் வேகம் தெரிகிறது. படத்தில் இருப்பவரைப் பற்றி, ‘அவர் தம் முகத்தைக் கொடுத்தார்’ என்று யாரும் சொல்வதில்லை. முகம் அவருடையதுதான், ஆனால் சொல் முழுவதும் எடுத்தவருடைய செயலாகவே இருக்கிறது.

சொல்லில் இருக்கும் இந்த அவசரம் செயலிலும் இருக்க வேண்டுமா என்பதுதான் என்னுடைய கேள்வி. பார்த்துவிட்டு எடுப்பதா, எடுத்துவிட்டுப் பார்ப்பதா? கேட்பதற்குச் சொல் விளையாட்டைப்போல இருக்கலாம். ஆனால் இதற்குள் ஒரு தர்ம விசாரணையே அடங்கியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

கறுப்பு வெள்ளைப் பிலிமில் படம் எடுத்தவர்களுக்கு இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது. நூற்றிருபது என்று சொல்லும் சுருளில் சதுரப் படமாக எடுத்தால் பன்னிரண்டு. அதையே நீளப் படமாக எடுத்தால் எட்டு. சின்னக் காமிராவில் போடும் முப்பத்தைந்து மில்லிமீட்டர் சுருளில் முப்பத்தாறு. அவ்வளவுதான் கையிருப்பு. பொத்தானை அழுத்தியவுடன், ஜெலட்டினில் பரவிக் கிடக்கும் வெள்ளி உப்பில் வெளிச்சம் தன் காரியத்தைச் செய்துவிடும். என்ன செய்தது என்று அப்போது யாருக்கும் தெரியாது. இருட்டறையில் மருந்தில் முக்கி எடுத்து, ஹைப்போவில் நிலைக்கவைத்து, தண்ணீரில் அலசி, கொடியில் காயப்போட்ட பிறகுதான் தெரியும். அப்போதும் கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் தலைகீழாகத்தான் தெரியும். அதைக் காகிதத்தில் அச்சிட்ட பிறகுதான் மனிதன் மனிதனாக வருவான். ஆகவே பிலிம்காரர் எடுத்தபின் பார்க்க வழியே இல்லை. பார்க்க வேண்டியதையெல்லாம் முன்னாலேயே பார்த்துவிட வேண்டும்.

மதுரையில் எங்கள் தெருவுக்கு அடுத்த சந்தில் ஒரு சின்ன ஸ்டூடியோ இருந்தது. அதை நடத்தியவரை எல்லாரும் ‘போட்டோக்காரர்’ என்றே அழைத்தார்கள். அவருக்கு வேறு பெயர் இருந்ததாகவே பலருக்கு ஞாபகம் இல்லை. சோழவந்தான் பக்கத்திலிருந்தும் அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்தும் சம்சாரிகள் பஸ் ஏறி வருவார்கள். புது வேட்டி கட்டிக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு காமிராவை முறைப்பார்கள். போட்டோக்காரர் உடனே எடுத்துவிடமாட்டார். வைகையில் தண்ணீர் வந்துவிட்டதா, நாற்று நட்டாகிவிட்டதா, பெரிய பையன் எந்த ஊரில் வேலை பார்க்கிறான் என்று விசாரித்துக்கொண்டே இருப்பார். பத்து நிமிஷம் போகும். பேச்சுக்கு நடுவில் எப்போதோ ஒரு சின்னச் சத்தம் கேட்கும். எடுத்தாகிவிட்டது!

“எதுக்கு ஐயா இவ்வளவு பேச்சு? வந்தவரை எடுத்து அனுப்பவேண்டியதுதானே?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“தம்பி, ஆள் வந்துட்டாரு. முகம் இன்னும் வரலை. அது வரட்டும்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன்” என்றார் அவர்.

மதுரைச் சீமை வெயில் பொல்லாதது. உச்சிப்பொழுதில் வெளியே படம் எடுக்கப் போனால் வெள்ளை வேட்டி ஒரு பக்கம் கண்ணைப் பறிக்கும். வெயிலில் உழைத்த கறுத்த முகம் மறுபக்கம் நிழலில் அமுங்கிவிடும். பிலிமுக்கு இரண்டையும் ஒருசேரத் தாங்கும் சக்தி குறைவு. வேட்டியைக் காப்பாற்றினால் முகம் போகும். முகத்தைக் காப்பாற்றினால் வேட்டியின் மடிப்பெல்லாம் அழிந்து வெறும் வெள்ளையாகிவிடும். போட்டோக்காரர் எப்போதும் முகத்தின் பக்கம்தான். “வேட்டி வெள்ளைன்னு ஊருக்கே தெரியும். முகம்தானே தெரியணும்” என்பார். காமிராவின் துவாரத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தச் சின்னக் காரியத்திலேயே எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்ற தீர்ப்பு அடங்கியிருந்தது. அந்தத் தீர்ப்பைக் கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்ள அவருக்கு மறு சந்தர்ப்பம் கிடையாது.

இதையெல்லாம் ஒரு நாள் என் நண்பர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கல்லூரியில் தத்துவம் படித்தவர். எதையும் எளிதில் ஒப்புக்கொள்ளமாட்டார். “நீர் சொல்வது எல்லாம் பற்றாக்குறையின் பெருமை. வீட்டில் அரிசி இல்லாதவன் பட்டினி கிடந்தால் அது ஏகாதசி விரதம் ஆகிவிடுமா? பன்னிரண்டு படம்தான் உண்டு என்பதால் யோசித்து எடுத்தார்கள். இன்று கைப்பேசியில் ஆயிரம் எடுக்கலாம். அன்று அவர்களுக்கும் ஆயிரம் இருந்திருந்தால் யோசித்திருக்கமாட்டார்கள்” என்றார்.

இந்தக் கேள்வி என்னைப் பல நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. பழைய பொருள் எல்லாம் புனிதமானது என்று நினைக்கும் மனோபாவம் நமக்கு இயல்பாகவே உண்டு. அதற்கு இடம் கொடுக்காமல் பார்த்தால், நண்பருடைய கட்சிக்குச் சாதகமான சாட்சிகளே முதலில் கண்ணில் படுகின்றன.

கறுப்பு வெள்ளைப் படம் பொய் சொல்லாது என்கிறார்களே, அதையே எடுத்துக்கொள்வோம். லின்னியஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக 1858-ல் மதுரைக்கு வந்து, மீனாட்சியம்மன் கோயிலையும் தெப்பக்குளத்தையும் திருமலை நாயக்கர் அரண்மனையையும் படம் எடுத்தார். அன்று பிலிம் கிடையாது; மெழுகு ஏற்றிய காகிதமே நெகடிவ். அரண்மனை அப்போது பாழடைந்து கிடந்தது. அது நேப்பியர் பிரபு சென்னைக் கவர்னராக இருந்த காலத்தில் பழுதுபார்க்கப்படுவதற்கு முந்தைய நிலையை இன்று நமக்குக் காட்டுவது டிரைப்பின் படங்கள்தாம். அருமையான சாட்சியம். ஆனால் அந்தக் காகிதத்துக்கு நீல வானமும் வெண்மேகமும் ஒன்றுதான். இரண்டையும் வெறும் வெளுப்பாகவே காட்டும். வெறும் வானம் நன்றாக இல்லை என்று டிரைப் நெகடிவின் மேல் தூரிகையால் மேகங்களை வரைந்தார். மதுரை வானத்தில் அன்று இல்லாத மேகம் படத்தில் மிதக்கிறது! காகிதத்தில் வெளிச்சம் பதிய நிமிஷக் கணக்கில் ஆகும் என்பதால், பிராகாரத்தில் நடமாடிய ஜனங்கள் பதியாமலே போயிருப்பார்கள். கூட்டம் ஓயாத கோயில், ஆள் அரவமற்ற கோயிலாகத் தெரிகிறது. இது யாரும் சொல்லாத பொய். இயந்திரமே சொன்ன பொய்.

பின்னால் வந்த பிலிமும் யோக்கியம் என்று சொல்லிவிட முடியாது. ‘ஆர்த்தோ’ என்ற பழைய வகைப் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. நெற்றிக் குங்குமம் கறுப்புப் பொட்டாகிவிடும். மாநிறம் இன்னும் ஒரு படி கறுத்துவிடும். எல்லா நிறத்தையும் உணரும் பிலிம் வந்த பிறகும் ஸ்டூடியோக்களில் மற்றொரு பொய் தொடர்ந்தது. பெண்ணின் படத்தைப் பிள்ளை வீட்டாருக்கு அனுப்ப வேண்டும். ‘கொஞ்சம் வெளுப்பாக இருக்கட்டும்’ என்று தகப்பனார் கெஞ்சுவார். சீவிய பென்சிலால் நெகடிவில் முகத்தின் மேல் மெல்லத் தடவினால் போதும். அச்சில் பெண் வெளுத்துவிடுவாள். ஒரு பென்சில் நுனியால் ஒரு குடும்பத்தின் கவலையைத் தீர்க்கலாம். அதே நுனியால் ஒரு பெண்ணை, அவள் முகம் போதாது என்று அவளுக்கே அறிவிக்கவும் செய்யலாம்.

எங்கள் போட்டோக்காரரும் பென்சில் பிடிப்பவர்தான். ஆனால் அவர் தமக்கென்று ஓர் எல்லை வைத்திருந்தார். முகப்பருவை எடுத்துவிடுவார், அம்மைத் தழும்பைத் தொடமாட்டார். நிறத்தையும் தொடமாட்டார். “பரு நாளைக்குப் போயிடும், அதை இன்னைக்கே எடுக்கலாம். தழும்பு இருக்கப் போறது. இருக்கிறதை இல்லைன்னு சொல்ல நான் யாரு?” என்று கேட்பார். இதனால் அவருக்கு வாடிக்கை குறைந்ததும் உண்டு. தர்ம சாஸ்திரம் எதுவும் அவர் படித்ததில்லை. போகிறதற்கும் இருக்கிறதற்கும் உள்ள வித்தியாசம் மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே உண்மை பிலிமில் இல்லை. அதைக் கையாளுகிறவரிடம் இருக்கிறது என்று ஆகிறது. நிதானமாவது பிலிமின் குணமா? அதற்கும் ஒரு பயங்கரமான எதிர்ச்சாட்சி இருக்கிறது.

1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. இன்றும் நம் பக்கத்துக் கிழவிகளின் பேச்சில் அந்தப் பெயர் எப்போதாவது வந்துவிடும். அந்தப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாகிப்போன மனிதர்களை வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி படம் எடுத்தார். குழந்தைகள், தாய்மார்கள், கிழவர்கள் எல்லாரையும் குழுக்குழுவாக, ஒழுங்காக உட்காரவைத்தும் நிற்கவைத்தும் எடுத்த படங்கள் அவை. அன்று பெரிய காமிரா, கண்ணாடித் தட்டு, முக்காலி, கறுப்புத் துணி. போட்டோக்காரரின் ஸ்டூடியோவில் இருந்ததைவிட அதிக நிதானம் அங்கே தேவைப்பட்டிருக்கும். சாகக் கிடப்பவர்களை அசையாமல் இருக்கச் சொல்லும் அளவுக்கு நிதானம்!

இதே ஹூப்பர் 1886-ல் பர்மாவில் மாண்டலேயில் இருந்தபோது, கைதிகளைச் சுட்டுக் கொல்லும் கணத்தையும் தட்டில் வெளிச்சம் விழும் கணத்தையும் ஒன்றாக்கப் பார்த்தார் என்று குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணை நடந்து, கண்டனத்துக்கு ஆளானார். அந்தப் பஞ்சப் படங்கள் இல்லாவிட்டால் தாது வருஷத்தின் முகம் நமக்குத் தெரிந்திருக்காது என்பதையும் மறைக்கக் கூடாது. பார்த்தவர் கண் கலங்காமல் இருக்க முடியாது. ஆனால் எடுத்தவர் என்ன பார்த்தார்? எவ்வளவோ நேரம் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வரிசை சரியாக இருக்கிறதா, வெளிச்சம் விழுகிறதா என்று பார்த்தார். எதிரில் இருப்பவரைப் பார்ப்பதும் படத்தைப் பார்ப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நண்பருடைய வாதம் இங்கே ஜெயித்துவிட்டதாகத் தோன்றும். காத்திருப்பது ஒருவனை நல்லவனாக்கிவிடுவதில்லை. பிலிம் அவகாசத்தைக் கொடுக்கிறது, மனச்சாட்சியைக் கொடுப்பதில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மனச்சாட்சி உள்ளவனுக்கு அந்த அவகாசம் எதற்குப் பயன்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா? அதற்குச் சாட்சி தேடி நாம் வெகுதூரம் போக வேண்டாம்.

1921-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி, மதுரை மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த வீட்டிலிருந்து காந்திஜி அரை ஆடையோடு வெளியே வந்தார். இந்த நாட்டு ஏழை எப்படித் தெரிகிறானோ அப்படித்தான் தாமும் தெரிய வேண்டும் என்று அவர் செய்த முடிவு அது. உலகத்தின் கண்ணுக்குத் தம் உடம்பு எப்படிப் படவேண்டும் என்று மதுரையில் தீர்மானித்த அந்த மனிதர், பின்னால் காமிராவுக்கும் நிபந்தனை போட்டார். அவருக்குப் பேரன் முறையான கனு காந்தி ஆசிரமத்தில் படம் எடுக்க ஆசைப்பட்டார். மூன்று நிபந்தனைகள்: பளீரென்று அடிக்கும் பிளாஷ் விளக்குக் கூடாது; ‘இப்படி உட்காருங்கள், அப்படித் திரும்புங்கள்’ என்று சொல்லக் கூடாது; செலவுக்கு ஆசிரமம் காசு கொடுக்காது. கன்சியாம்தாஸ் பிர்லா கொடுத்த நூறு ரூபாயில் ரோலிபிளெக்ஸ் காமிராவும் பிலிமும் வாங்கிக்கொண்டு கனு காந்தி தொடங்கினார். மங்கிய குடிசை வெளிச்சத்தில், கேட்டு உட்காரவைக்காமல், நடந்ததை நடந்தபடி எடுத்தார். படங்களில் சில மசங்கலாகவும் மணல் மணலாகவும் இருக்கின்றன. ஆனால் அவற்றில் காந்திஜி யாருக்காகவும் நடிக்கவில்லை.

1946-ல் அமெரிக்கப் பத்திரிகையிலிருந்து மார்கரெட் போர்க்-ஒயிட் என்ற அம்மையார் வந்தார். ராட்டையோடு காந்திஜியை எடுக்க வேண்டும் என்றார். ‘முதலில் நூற்கக் கற்றுக்கொள்’ என்று சொல்லிவிட்டார்கள். கேலிபோல இருக்கிறது. ஆனால் அதன் பொருள் ஆழமானது. எதை எடுக்கப் போகிறாயோ அதை முதலில் கையால் தெரிந்துகொள், பிறகு எடு. எங்கள் போட்டோக்காரர் நாற்று நடவைப் பற்றி விசாரித்ததும் இதுவேதான்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் பாதிப்பது எடுக்கப்படாத ஒரு படம். 1944 பிப்ரவரியில் பூனாவில் ஆகாகான் மாளிகைக் காவலில் கஸ்தூர்பா இறந்துகொண்டிருந்தார். அந்த நிலையில் அவரைப் படம் எடுக்கக் கனு காந்தியை மகாத்மா அனுமதிக்கவில்லை. சரித்திரத்துக்கு அது நஷ்டம்தான். ஆனால் சரித்திரத்துக்குச் சொந்தமில்லாத ஒன்று ஒரு மனைவியின் கடைசி மூச்சில் இருக்கிறது என்று கணவர் நினைத்தார். மதுரைத் தமுக்கத்தில், ராணி மங்கம்மாள் அரண்மனையில், 1959-ல் நேரு திறந்துவைத்த காந்தி நினைவு அருங்காட்சியகத்தில் படங்களைப் பார்த்துக்கொண்டு போகும்போதெல்லாம் அந்த இல்லாத படத்தை நான் நினைத்துக்கொள்வேன். இருக்கிற படங்களுக்கு மரியாதை கொடுப்பது அதுதான் என்றுகூடத் தோன்றும்.

இனி, போட்டோக்காரர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லி நேயர்களிடமே தீர்ப்பை விட்டுவிடுகிறேன்.

வாடிப்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து விடியற்காலையில் ஆள் வந்தது. வயதான தாய் இறந்துவிட்டாள். வீட்டில் அவள் படம் ஒன்றுகூட இல்லை. அந்தக் காலத்தில் இது சகஜம். இறந்தபின் குளிப்பாட்டி, புதுச் சேலை கட்டி, மாலை போட்டு, நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து ஒரு படம் எடுப்பார்கள். அதுதான் அவளுடைய முதல் படம். கடைசிப் படமும் அதுவே. போட்டோக்காரர் போனார். நாற்காலியைத் திண்ணை வெளிச்சத்துக்குத் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார். ஒரே ஒரு தடவை எடுத்தார். காமிராவை மூடிவிட்டார்.

மகனுக்குப் பயம் வந்துவிட்டது. “ஐயா, இன்னொண்ணு எடுத்துருங்க. இது சரியா விழாமப் போச்சுன்னா?” என்றார்.

“விழுந்தது விழட்டும் அப்பு. ஆத்தாவை நாற்காலியிலே இவ்வளவு நேரம் உட்காரவச்சதே போதும். இறக்கிப் படுக்க வையுங்க” என்றாராம்.

அவர் செய்தது நியாயமா? தொழில் என்று பார்த்தால் இல்லை. சுருளில் இன்னும் பதினொன்று இருந்தது. பிலிம் கெட்டுப்போயிருக்கலாம், மருந்து பழையதாக இருந்திருக்கலாம், கை அசைந்திருக்கலாம். அப்படி ஏதாவது நடந்திருந்தால் அந்த மகன் ஆயுள் முழுவதும் தாயின் முகம் இல்லாமல் இருந்திருப்பார். ஒரு மனிதருடைய துக்கத்தை வைத்துப் பந்தயம் கட்ட இவர் யார் என்று கேட்டால், என்னால் பதில் சொல்ல முடியாது. நல்லவேளையாகப் படம் விழுந்தது, கொஞ்சம் மங்கல்தான். ஆனால் விழுந்துவிட்டதால் செயல் நியாயமாகிவிடாது. விழாமல் போயிருந்தால் அநியாயமாகியும் விடாது. முடிவு தெரியாத இடத்தில் செய்த காரியத்தை முடிவைக்கொண்டு அளக்கக் கூடாது.

ஆனால் ஒன்று கவனியுங்கள். என் நண்பர் சொன்ன பற்றாக்குறை அங்கே இல்லை. பதினொரு படம் மிச்சம் இருந்தது. அரிசி இருந்தது, அவர் உண்ணவில்லை. இதுதான் விரதம். பல வருஷம் பன்னிரண்டுக்குள் எண்ணி எண்ணி எடுத்தவருக்கு, எண்ண வேண்டிய கட்டாயம் இல்லாதபோதும் எண்ணத் தெரிந்திருந்தது. பற்றாக்குறை தர்மமாகாது, நண்பர் சொன்னது சரி. ஆனால் பற்றாக்குறை சில சமயம் தர்மத்துக்குப் பள்ளிக்கூடமாக இருந்திருக்கிறது. எல்லாரும் அங்கே படித்துத் தேறுவதில்லை. ஹூப்பர் தேறவில்லை. போட்டோக்காரர் தேறினார்.

அந்தப் பள்ளிக்கூடம் ஏறக்குறைய மூடப்பட்டுவிட்டது. ஊட்டியில் 1960-ல் அரசாங்கம் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை, ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிம் செய்து நாடெங்கும் அனுப்பியது. இந்து என்றால் நிலா. வெள்ளியைப் பூசிக்கொண்டு இருட்டில் வேலை செய்யும் பொருளுக்குப் பொருத்தமான பெயர்தான். அந்தத் தொழிற்சாலை இன்று இல்லை. வெளிநாட்டுப் பிலிமைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கி, ஆனைமலையடியிலும் சமணர் மலையிலும் படம் எடுக்கும் இளைஞர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை நான் பரிகசிக்கமாட்டேன். அதற்காக எல்லாரும் பிலிமுக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லவும் மாட்டேன். பனை ஓலையில் எழுதினால்தான் நல்ல கதை வரும் என்று சொல்வதற்கு அது ஒப்பாகும்.

கைப்பேசியில் ஆயிரம் படம் எடுக்கலாம். வேண்டாததை அழித்துவிடலாம் என்கிறோம். நம் கைப்பேசியிலிருந்து அழிக்கலாம்தான். ஆனால் ரோட்டில் அடிபட்டு விழுந்தவன் கண்ணைத் திறந்து பார்த்தபோது தன்னைச் சுற்றி நீண்டிருந்த கைகளை, அவன் மனத்திலிருந்து யார் அழிப்பது? எடுக்கப்பட்டவருக்கு ஒவ்வொரு படமும் பிலிமில் எடுத்ததைப்போலத்தான். திரும்பப் பெற முடியாதது. மாறியது நம் பக்கம் மட்டுமே. எதிர்ப்பக்கத்தில் இருக்கும் மனிதன் இன்றும் அந்தப் பழைய நாற்காலியின் நுனியிலேயே, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் முகம் வரும்வரை காத்திருக்கலாம். வராவிட்டால் எடுக்காமலும் போகலாம். அதற்குப் பிலிம் தேவையில்லை.